தார்ப்பாய் கொழுந்துக்கு, மழை அம்மாவுக்கு

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் இந்த நாட்டில் அடுத்த கேள்வி எந்த ஊர் என்று வரும். ஊரைச் சொன்னால் எந்தத் தோட்டம் என்று வரும். தோட்டத்தையும் சொல்லிவிட்டால், அதன் பிறகு அவள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கேட்பவர் காதில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற சத்தம்தான் விழும். இது அவள் சொன்ன நியாயம். அதை மறுத்துப் பேச எனக்கு இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொன்று, தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகியவளை அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வராது. கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாப்பாவின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஓர் ஒலிப்பதிவு அறை இருந்தது. வெளியே பெயர்ப்பலகை பெரிது. உள்ளே சுவர் முழுக்க முட்டைத் தட்டும் பழைய மெத்தைப் பஞ்சும்தான். கல்யாண வீடியோவுக்குப் பின்னணிக் குரல், த்ரீவீலரில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகும் கடை விளம்பரம், இதுதான் பிழைப்பு. அவளும் முதலில் விளம்பரம் வாசிக்கத்தான் வந்தாள். கண்டியில் புடவைக் கடை வைத்திருந்த என் சாச்சாவுக்கு, அதாவது வாப்பாவின் தம்பிக்கு, தீபாவளி மலிவு விற்பனை. சாச்சாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வரியில் அவள் நின்றுவிட்டாள். "தோட்டத்து மக்களுக்கு விசேட மலிவு" என்பது அந்த வரி.

"மலிவுன்னா எல்லாருக்கும் மலிவுதானே? தோட்டத்து ஆளுங்களுக்குன்னு தனியா என்னா துணி வச்சிருக்கீங்க?"

"அது யாவாரப் பேச்சு புள்ள. நீங்க வாசிங்க" என்றார் சாச்சா.

வாசித்தாள். அந்த இடம் வந்ததும் "கண்டிக்கு வருகிற அத்தனை பேருக்கும் மலிவு" என்று கணீரென்று வாசித்து முடித்து, கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். சாச்சா கெஞ்சிப் பார்த்தார், குரலை உயர்த்திப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கோவமில்ல. வேற ஆள வச்சு வாசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தீபாவளி நெருக்கத்தில் வேறு குரலுக்கு எங்கே போவது? அவள் வாசித்ததுதான் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தெல்தோட்டை வரைக்கும் த்ரீவீலரில் ஏறி இறங்கியது.

அவள் குணமே இதுதான். தன்னைப் பற்றியோ தன் ஆட்களைப் பற்றியோ ஒருவர் பிழையாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துவாள். கத்த மாட்டாள், அழ மாட்டாள். கடைச் சிப்பந்தி மிச்சக் காசைக் குறைத்துத் தந்தால் எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொல்வாள். ஆனால் திருத்தாமல் நகர மாட்டாள். எதிரே இருப்பது யார் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்தக் குணத்தோடு ஒருத்தி இந்த நாட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறாள் என்று நான் வியந்த நாட்கள் உண்டு. எரிச்சல்பட்ட நாட்கள் அதைவிட அதிகம்.

அவளுடைய உண்மையான வேலை பாட்டு. கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு ஹோட்டலில், பின்னேரத்தில் கிட்டாரோடு உட்கார்ந்து வெள்ளைக்காரர்களுக்குக் கன்ட்ரி என்கிற அமெரிக்கப் பாட்டுப் பாடுவாள். ஆள் குள்ளம். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருப்பாள். நடைபாதைக் கடையில் வாங்கிய மண்ணிறப் பூட்ஸ் போட்டிருப்பாள், அதன் ஒரு குதி மற்றதைவிடத் தேய்ந்திருக்கும். அவள் அப்பா தோட்டத்து மேலாளரான தொரையின் பங்களாவில் சமையல்காரர். தொரை மாற்றலாகிப் போகும்போது வேண்டாமென்று விட்டுப்போன கசற்றுகளையும் பாட்டுப் பெட்டியையும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதில் இருந்ததெல்லாம் கன்ட்ரி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறையில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் பாடகியானாள்.

"உங்களுக்கு இந்த வெள்ளைக்காரப் பாட்டு எப்படித்தான் ஒட்டிச்சு?" என்று ஒருமுறை கேட்டேன். என்னை அவள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

"கன்ட்ரி பாட்டுல என்னா இருக்கு நானா? லொறி இருக்கு, ரயிலு இருக்கு, மழை இருக்கு, குடிச்சிட்டு வார புருஷன் இருக்கான், தூரத்துல ஒரு அம்மா இருக்கு. இதுல எது தெல்தோட்டையில இல்ல, சொல்லுங்க பாப்போம்."

ஹோட்டலில் ஒருமுறை ஒரு வழிகாட்டி அவளைப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்தினான், "தேயிலை பறிக்கிற பெண், பாடவும் செய்வாள்" என்று. பயணிகள் கனிந்து கைதட்டினார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்து, தன் ஆங்கிலத்தில், தன் உச்சரிப்பில் சொன்னாள்: தேயிலை பறித்தவர் என் அம்மா, அவர் கெட்டிக்காரர், எனக்கு அந்த வேலை தெரியாது, நான் பாடகி. அதன் பிறகு வழிகாட்டி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்ததாம்.

ஒருநாள் அவள் தமிழில் ஒரு பாட்டோடு வந்தாள். சொந்தப் பாட்டு, பெயர் 'கொழுந்து லொறி'. மலையில் பறித்த கொழுந்தை ஏற்ற லொறி வரும்வரை ரோட்டோரத்தில் காத்து நிற்கிறார்கள். மழை வருகிறது. இருக்கிற ஒரே தார்ப்பாயை எதன்மேல் போடுவார்கள்? கொழுந்து நனைந்தால் தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள், அதனால் அது கொழுந்துக்குத்தான் போகும். அந்தப் பாட்டின் பல்லவி இப்படி இருந்தது:

*லொறி வருமுன்னே மழை வந்திச்சு,*
*நின்ன எடத்துல நின்னிச்சு அம்மா.*
*இருந்தது ஒத்தத் தார்ப்பாய்தான்,*
*தார்ப்பாய் கொழுந்துக்கு, மழை அம்மாவுக்கு.*

கிட்டார் மட்டும், பின்னால் மெல்லிய தாளம், அசல் கன்ட்ரி நடை. மூன்று பின்னேரங்கள் பதிவு செய்தோம். வாப்பாவுக்குக் கடைக்கு மேலே பாட்டுச் சத்தம் கேட்பதில் துளியும் விருப்பமில்லை. ஆனால் அவளிடம் குறை சொல்லவும் வழியில்லை. தொழுகைக்குப் பாங்கு சொல்ல முந்தியே "மைக்க மூடுங்க நானா, பாங்கு நேரம்" என்று என்னை அடக்குகிறவள் அவள்தான். நான் மறந்த நாட்களிலும் அவள் மறந்ததில்லை.

பாட்டைக் கொழும்பில் ஒரு தமிழ் வானொலிக்கு அனுப்பினோம். அங்கே நிகழ்ச்சிப் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், எனக்கு விளம்பர வேலைகள் தந்து பழக்கம். மறுநாளே அழைத்தார்.

"தம்பி, பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ஆனா இதை என்னெண்டு சொல்லிப் போடுறது? தமிழில கன்ட்ரி எண்டு ஒரு சாமான் இல்லையே. மலையக நாட்டார் பாடல் எண்டு போடுறன்."

நான் சந்தோஷமாகச் சரி என்றேன். அவளிடம் சொன்னபோது முகம் மாறியது. "நாட்டார் பாட்டு எங்கம்மா பாடுறது. அது நல்ல பாட்டு, அது வேற. இது நான் எழுதுனது, கிட்டார்ல போட்டது. இது கன்ட்ரி. எங்க ஆளுங்க வாயத் தொறந்தா அது நாட்டார் பாட்டாத்தான் இருக்கணுமா?"

அந்த வானொலியில் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் நேயர்கள் வாக்கில் தேறிய பத்துப் பாடல்களை வரிசையாகச் சொல்வார்கள். வந்த முதல் வாரமே 'கொழுந்து லொறி' ஒன்பதாம் இடம். நான் கைகொட்டிக் கத்தினேன். அவள் தொலைபேசியை எடுத்து நேயர் இலக்கத்துக்கு அடித்தாள். "வணக்கம். ஒம்பதாவது பாட்டு நாட்டார் பாட்டு இல்ல, கன்ட்ரி பாட்டு. அடுத்த வாரம் திருத்திச் சொல்லுங்க." அறிவிப்பாளர் சிரித்தபடி சரி அக்கா என்றார். அடுத்த வாரம் ஆறாம் இடம். மறுபடி நாட்டார் பாடல் என்றார்கள், மறுபடி அவள் அடித்தாள். வாரம் ஏற ஏற இடமும் ஏறியது, அவள் அடிப்பதும் நிற்கவில்லை. "இடம் கிடைக்குதே, பெயர் என்னவா இருந்தா என்ன?" என்றேன். "எடம் அவங்க தாரது. பேரு என்னோடது" என்றாள்.

இந்த வாக்கெல்லாம் எங்கிருந்து வந்து குவிகிறது என்று தேடிப் பார்த்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. தோட்டத்திலிருந்து வந்ததைவிட அதிகம் முஸ்லிம் ஊர்களான அலவத்துகொடை, மடவளைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் கடைக்குச் சீமெந்து ஏற்றி வரும் லொறி டிரைவர் அலவத்துகொடைக்காரர். அவரும் அவர் கூட்டாளிகளும் பாட்டில் லொறி என்று கேட்டதும் அது தங்களைப் பற்றிய பாட்டு என்றே முடிவுகட்டி, ஊர் முழுக்கச் சொல்லி வாக்குப் போட்டிருக்கிறார்கள். இதை நான் சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னது என் பிழை. உடனே அவள் கீழே இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன், வேண்டாம் தங்கச்சி, இரண்டாம் இடத்தில் நிற்கிறோம் என்று. கேட்டால்தானே.

டிரைவரிடம் நேரே போய் நின்றாள். "அண்ணே, அது சீமெந்து லொறி இல்ல. கொழுந்து ஏத்துற லொறி. தெரியாம வாக்குப் போட்டுட்டீங்க."

டிரைவர் மூட்டையில் சாய்ந்தபடி அவளைப் பார்த்தார். "தங்கச்சி, மழயில நனைஞ்சா சீமெந்தும் கட்டியாயிரும். எங்கட தார்ப்பாயும் சாமானுக்குத்தான். நாங்க லொறிக்குக் கீழ குந்திக்கொண்டு ஈப்போம். நீங்க யாருக்குப் பாடினீங்களோ தெரியா, அது நம்மட பாட்டுத்தான்."

அவளையே திருப்பித் திருத்தியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அந்தச் சனிக்கிழமை 'கொழுந்து லொறி' முதலாம் இடம். தமிழில் ஒரு கன்ட்ரி பாட்டு, ஒரு லயத்து அறையில் பிறந்த பாட்டு, நாட்டின் முதலாம் பாட்டு! அன்றைக்கு வாப்பா கணக்கு மேசையில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார், "அந்த லொறிப் பாட்டு இப்ப என்ன எடம்?" சொன்னேன். "ம்ம்" என்றார். அந்த ம்ம் எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வரிசையை நடத்தக் காசு தந்தது ஒரு தேயிலைக் கம்பெனி. முதலிடம் வந்த பாடல்களுக்குக் கண்டியில் ஒரு மண்டபத்தில் பாராட்டு, நேரடி ஒலிபரப்பு. மேடைக்குப் பின்னால் போனபோது கம்பெனியின் ஆள், கழுத்துப்பட்டி கட்டிய இளம் மனிதர், சிரித்த முகத்தோடு ஒரு கூடையை நீட்டினார். புதுக் கூடை, வார்னிஷ் மணம் போகவில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கவிடுவார்கள். இதற்கோ தோளில் மாட்ட இரண்டு பட்டி தைத்திருந்தார்கள்.

"இது என்னா, ஸ்கூல் பேக்கா?" என்றாள்.

கூடையோடு பாடினால்தான் மேடை என்று பணிவாகத்தான் சொன்னார். வானொலிப் பொறுப்பாளரும் அங்கே நின்றார். "பிள்ளை, மூண்டு நிமிஷம்தானே. போட்டுக்கொண்டு நிண்டால் அவையளுக்கும் சந்தோஷம், எங்களுக்கும் கரைச்சல் இல்லை."

"நான் கன்ட்ரின்னு ஒரு வார்த்த சொல்லச் சொன்னேன் சார். அது மூணு செக்கன்தான். நீங்க சொன்னீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் சொன்னேன், போட்டுவிடுங்கள் தங்கச்சி, பாட்டுக்காகப் போட்டுவிடுங்கள் என்று. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா தலையில கயிறு பட்ட எடத்துல முடி மொளைக்கல நானா. கழுத்து நிமிராது. அத நான் வேஷமாக் கட்டணுமா?"

அவள் என்ன நினைத்தாளோ, கூடையைக் கையில் வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். அறிவிப்பாளர் மண்வாசனை, மலையகம், நாட்டார் பாடல் என்று அடுக்கினார். கம்பெனிக்காரர் வெற்றிக் கிண்ணத்தோடு மேடையேறினார். அவள் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். காலியான அவருடைய கைகளில் கூடையை வைத்தாள்.

"இது எங்கம்மாவோட வேலைச் சாமான். பாட்டுக்கு இது தேவையில்ல. கம்பெனிக்குத் தேவைன்னா கம்பெனியே வச்சிக்கட்டும். இப்ப நான் ஒரு கன்ட்ரி பாட்டுப் பாடப் போறேன்."

பாடினாள். பாட்டு முடியும்வரை அந்த மனிதர் கூடையை வயிற்றோடு அணைத்தபடி மேடையில் நின்றார். இறக்கி வைக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பின்வரிசையில் இருந்த லொறிக்காரர்கள் அடித்த விசில் வானொலி வழியே தீவு முழுக்கப் போயிருக்கும். இவ்வளவு நல்ல பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் 'கொழுந்து லொறி' இல்லை. பத்தாம் இடத்தில்கூட இல்லை. பயணிகள் குறைவு, கொஞ்ச நாள் பாட்டு வேண்டாம் என்று ஹோட்டலிலும் சொல்லிவிட்டார்கள். பொறுப்பாளர் எனக்கு அடித்தார். "என்னால ஒண்டும் செய்யேலாது தம்பி. மன்னிப்புக் கேட்டு ஒரு குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கோ. வரிசை வாசிக்கேக்க அதைப் போட்டால், பாட்டைத் திரும்ப எடுக்கலாம் எண்டு கம்பெனி சொல்லுது."

சொன்னதும் அவள் மறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே கிட்டாரோடு வந்தாள். படியடியில் வாப்பா நிறுத்தினார். "மன்னிப்புக் கேக்கவா புள்ள வந்தீங்க?"

"பதிவு பண்ண வந்தேன் ஹாஜியார்."

வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வேலையும் போய், பாட்டும் போய் நிற்கிறவளை நான் எந்த வாயால் தடுப்பது? விளக்கைப் போட்டேன். அவள் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தாள்.

"வணக்கம். மேடையில நான் ஒரு பிழை செஞ்சிட்டேன். கூடையக் கொடுத்தேன், அத எப்படிப் போடுறதுன்னு சொல்லிக் கொடுக்கல. கயிறு தோள்ல இல்ல, தலையில வரணும். அந்தப் பிழைக்கு மன்னிச்சுக்குங்க."

கிட்டார் தொடங்கியது. முழுப் பாட்டையும் பாடினாள். முடிவில், நான் கேட்டேயிராத ஒரு சரணம்:

*கயிறு ஏறுன எடத்துல அம்மாவுக்கு முடியில்ல,*
*கூடை எறங்கி வருஷமாச்சு, கழுத்து இன்னும் நிமிரல.*
*கூடையும் வேணாம், எடமும் வேணாம், போங்கய்யா.*
*தார்ப்பாய் கொழுந்துக்கே இருக்கட்டும், மழை போதும் எனக்கு.*

"இத அனுப்பினா ஒரேயடியா முடிஞ்சிரும், தங்கச்சி."

"குரல் பதிவுதானே கேட்டாங்க? அனுப்புங்க நானா."

அனுப்பினேன்.

பிறகு நடந்தவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கடைசிக்கு வைத்திருக்க மனமில்லை. 'கொழுந்து லொறி' அந்த வரிசைக்குத் திரும்பவே இல்லை. பொறுப்பாளரைப் பழைய ஒலிநாடாக்கள் அடுக்குகிற பிரிவுக்கு மாற்றினார்கள். ஹோட்டல் அவளைக் கூப்பிடவில்லை. அவள் ஒரு இசைக்குழுவோடு மாலைதீவுக்குப் போய், அங்கே ஒரு ஹோட்டலில் இன்றும் பாடுகிறாள். மாலைதீவில் மழை வேறு மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை குரல்செய்தி அனுப்பியிருந்தாள். தெல்தோட்டை பஸ்களில் அந்தப் பாட்டு இன்னும் ஓடுகிறது, புதுச் சரணத்தோடு. இழந்தது கொஞ்சமில்லை. ஆனால் நான் அவளை நினைக்கும்போதெல்லாம் நினைப்பது பதிவை அனுப்பிய பிறகு வந்த சனிக்கிழமைப் பின்னேரத்தைத்தான்.

கடைக்குள் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். லொறி டிரைவர் மூட்டை இறக்குவதை நிறுத்திவிட்டு வந்து நின்றார். முதலாம் இடம் வரை வாசித்தாயிற்று. நிகழ்ச்சி முடிகிற நேரம். அவள் வாப்பாவைப் பார்த்து, "பாங்கு நேரம் ஹாஜியார், ரேடியோவ நிப்பாட்டவா?" என்றாள்.

"இன்னும் நேரம் ஈக்கி புள்ள. இருங்க" என்றார் வாப்பா.

அப்போது வழக்கமாக ஒலிவாங்கிக்கு வராத ஒரு குரல் வந்தது. பொறுப்பாளரின் குரல். மேடைத் தமிழில், கொஞ்சம் கரகரப்பாக.

"நேயர்களே, சென்ற வாரம் இந்த வரிசையில் இருந்து ஒரு பாடல் நீங்கியிருந்தது. அந்தப் பாடகியிடம் ஒரு குரல் பதிவு கேட்டிருந்தோம். அனுப்பியிருக்கிறார். நான் முழுமையாகக் கேட்டுவிட்டுத்தான் இதை ஒலிபரப்புகிறேன். இது நாட்டார் பாடல் அல்ல. இது ஒரு கன்ட்ரி பாட்டு."

கயிறு தலையில வரணும் என்று அவள் சொன்னது வானொலியில் போயிற்று. பாட்டுப் போயிற்று. புதுச் சரணமும் கடைசி வரி வரை போயிற்று. டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வாப்பா ரசீதுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எழுதவில்லை. எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

அவள் அழுவாள், சிரிப்பாள், ஏதாவது சொல்வாள் என்று எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் தொலைபேசியை எடுத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அடிக்கிற அதே நேயர் இலக்கம்.

"இன்னும் என்ன தங்கச்சி?" என்று பதறினேன்.

கையைக் காட்டி என்னை அமர்த்தினாள். மறுமுனையில் எடுத்தார்கள்.

"வணக்கம். கன்ட்ரி பாட்டுன்னு சொன்னீங்க. இன்னைக்குச் சரியாச் சொன்னீங்க. அதச் சொல்லத்தான் எடுத்தேன்."